முப்பத்தொன்றாம் வரி

தேயிலைத் தரகு அலுவலகத்தில் அவளைச் சராசரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாராவாரம் ஏலம் முடிந்ததும், எந்தத் தோட்டத்துத் தேயிலை எத்தனை கிலோ விற்றது, சராசரியாகக் கிலோ என்ன விலைக்குப் போனது என்று ஒரு அட்டவணை போட வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதை அவள்தான் போட்டுவந்தாள். தோட்டத்துக்கு ஒரு வரியாக மொத்தம் அறுபது வரி. அச்சடித்து ஏலக் கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். தோட்டத்தின் பெயரை விட வரி எண்தான் எல்லோர் வாயிலும் புழங்கும். "பன்னிரண்டுக்கு இந்த வாரம் நல்ல யோகம்", "நாப்பத்தேழு படுத்துட்டான்" என்பார்கள். தனக்கு வைத்த பெயரில் அவளுக்கு வருத்தம் கிடையாது. "உயரத்துலயும் சராசரி, நிறத்துலயும் சராசரி. பொருத்தமாத்தானே வச்சிருக்காங்க" என்பாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளைச் சராசரியில் சேர்க்க முடியாது. சந்தேகம். கடைக்காரர் தட்டில் போட்ட தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பாள். மழை வரும் என்று வானொலி சொன்னால், ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாய் ஓயாமல் பேசுகிற மனுஷர். "கல்யாணத்தைப் பதிவு பண்ணப் போன இடத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சவ இவ ஒருத்திதான். பின்னாடி மூணு ஜோடி மாலையோட காத்துக்கிட்டு நின்னுச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவள் முறைப்பாள். ஆனால் மறுக்க மாட்டாள்.

அந்தக் குணம் வேலைக்கு உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பூஜ்யம் கூடினாலோ குறைந்தாலோ அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டில்தான் அது உறுத்தும்.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. பேருந்தில் நான்கு மணி நேரம் போனால் வரும் மலைச் சரிவில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு தனியாளாக, இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டு கொழுந்து பறித்துப் போட்டுவந்தாள். அவள் கொழுந்து போட்ட தொழிற்சாலைதான் அட்டவணையில் முப்பத்தொன்றாம் வரி. சொந்தத் தோட்டம் சின்னது. சுற்றியிருக்கிற சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித்தான் அந்தத் தொழிற்சாலை ஓடியது. கொழுந்துக்கு விலை போடுவதற்கு ஒரு முறை இருந்தது. போன மாதம் ஏலத்தில் அந்தத் தொழிற்சாலையின் தூள் என்ன சராசரி விலைக்குப் போனதோ, அதை வைத்துத்தான் இந்த மாதம் கொழுந்துக்கு விலை. ஆக, தங்கை தட்டச்சு செய்கிற எண் அக்கா கைக்கு வருகிற பணமாகும்.

மூன்று வருஷமாக அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஏண்டி, எங்க தூளை உங்க ஆபீஸ்ல ஓசிக்கா விக்கிறீங்க?" என்று அக்கா தொலைபேசியில் கத்துவாள்.

"நான் விக்கிறேனாக்கா? வித்ததை எழுதறேன்."

"அப்ப கொஞ்சம் தாராளமா எழுதேன்."

சிரித்துவிட்டு வைத்தாலும் சராசரியம்மாவுக்குள் ஏதோ நெருடியது. முதல் சந்தேகம் தராசின் மேல் விழுந்தது. விலை குறைவது இருக்கட்டும், எடையையும் சேர்த்துத் தின்றால்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்து நிலையத்து மருந்துக் கடையில் இருந்த எடை இயந்திரத்தில் ஏறினாள். கைப்பையோடு அறுபத்தொன்றரைக் கிலோ. அங்கிருந்து நேராக மலைக்குப் போனாள். வழியில் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, எடை மாறிவிடும் என்று.

கொழுந்து எடுக்க வந்த லாரியில் தராசுக்காரர் மூட்டைகளை நிறுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். சராசரியம்மா யாரிடமும் எதுவும் சொல்லாமல் தராசின் மேல் ஏறி நின்றாள்.

தராசுக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அம்மா, இங்க கொழுந்து மட்டுந்தான் எடுப்போம். உங்களை எடுத்துக்க மாட்டாங்க."

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முள் அறுபத்தொன்றரையில் நின்றது. தராசு சுத்தம். சராசரியம்மாவுக்கு அதில் நிம்மதியை விட ஏமாற்றம்தான் அதிகம்.

"மானத்தை வாங்கிட்டே போ" என்றாள் அக்கா, வீட்டுக்கு வந்ததும். ஆனாலும் தங்கை கிளம்பும்போது ஒரு பொட்டலத்தைப் பையில் திணித்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழுந்து போடுகிறவர்களுக்குத் தொழிற்சாலை கொடுக்கிற அரைக் கிலோ தூள் அது.

மறுநாள் காலை சராசரியம்மா அந்தத் தூளில் டீ போட்டாள். முதல் வாய் குடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள். நல்ல நிறம், நல்ல மணம், நாக்கில் ஒரு விறுவிறுப்பு. இது எப்படி ஏலத்தில் கிலோ எண்பத்து நாலு ரூபாய்க்குப் போகும்?

அவளிடம் இன்னொரு தூளும் இருந்தது. ஏலத்துக்கு முன்னால் ஒவ்வொரு தொழிற்சாலையும் விற்கப்போகும் தூளின் மாதிரியை அலுவலகத்துக்கு அனுப்பும். அதைச் சிறு சிறு உறைகளில் போட்டு, வாங்குகிறவர்களுக்கு அனுப்பிவைப்பார்கள். அவர்கள் குடித்துப் பார்த்துத்தான் ஏலத்தில் விலை கேட்பார்கள். மிச்சம் இருக்கிற மாதிரியை ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நல்ல தோட்டத்து உறைகளை ஆளாளுக்கு அள்ளிக்கொள்வார்கள். முப்பத்தொன்றின் உறையை யாரும் தொடுவதில்லை. போன வாரத்து உறை ஒன்று அவள் மேசை இழுப்பறையில் கிடந்தது. அன்று மாலை அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இரண்டு தூளையும் தனித்தனிப் பாத்திரத்தில் ஒரே அளவு தண்ணீரில் கொதிக்க வைத்து இரண்டு டம்ளரில் ஊற்றி, எது எது என்று சொல்லாமல் வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

அவர் முதலாவதைக் குடித்தார். "பிரமாதம்." இரண்டாவதைக் குடித்தார். "இது வேன் ரேடியேட்டர்ல புடிச்சதா?"

அவர் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கலாம் என்று பாத்திரங்களைக் கழுவி, மறுபடி போட்டு, டம்ளர்களை மாற்றிக் கொடுத்தாள். அவர் மறுபடியும் சரியாகச் சொன்னார். மூன்றாவது தடவைக்கு அவர் இடத்தைக் காலி செய்துவிட்டார்.

ஒரே தொழிற்சாலை, ஒரே மாதம், இரண்டு தூள். விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுப்பது நல்ல தூள், விற்பதற்கு அனுப்புவது குப்பையா? எந்த முதலாளி அப்படிச் செய்வான்?

அடுத்த நாள் அலுவலகத்தில் பழைய அட்டவணைக் கட்டுகளை இறக்கினாள். விலையைப் பார்க்காமல் இந்த முறை அளவைப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் முப்பத்தொன்று வாரத்துக்குப் பதினோராயிரம் கிலோ ஏலத்தில் விற்றிருந்தது. அது எட்டாயிரமாகி, ஐந்தாயிரமாகி, இப்போது இரண்டாயிரத்து நானூறில் வந்து நின்றது. ஆனால் மலையில் கொழுந்து லாரி இன்றும் நாளைக்கு இரண்டு தடவை வருகிறது. அக்கா ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தொழிற்சாலை பன்னிரண்டாம் வரி. அதே மலை, அதே மழை. அதன் அளவு குறையவில்லை. விலை நூற்றுப் பதினெட்டு. அப்படியென்றால் முப்பத்தொன்றின் மிச்சத் தூள் ஏலத்துக்கு வராமல் வெளியே எங்கேயோ போகிறது. வருகிற கொஞ்சத்தை யார் வாங்குகிறார்கள் என்று பார்த்தாள். எல்லா வாரமும் ஒரே ஆள், பதினேழாம் எண் இருக்கைக்காரர்.

அவரை அவளுக்குத் தெரியும். பழுப்புத் தொப்பிக்காரர். கூடத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்ற மாட்டார். முப்பத்தொன்றைத் தவிர வேறெதையும் அவர் வாங்கிப் பார்த்ததாக நினைவில்லை.

வியாழக்கிழமை ஏலத்தன்று காலை சராசரியம்மா கூடத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேடையில் நின்று விலை கூறிச் சுத்தியல் தட்டுகிறவர் அவள் அலுவலகத்துக்காரர்தான். சுத்தியல்காரர் என்பார்கள். நாற்பது வயது. மாதிரிகளைக் குடித்து, என்ன விலை பெறும் என்று குறித்துவைப்பதும் அவரே. அவளை அக்கா என்று கூப்பிடுவார். அவள் மகள் வெளியூரில் படிக்கப் போனபோது, விடுதி தேடிக் கொடுத்தவர் அவர். மற்றத் தோட்டங்களின் லாட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் ஏலம் விடுகிற மூட்டைத் தொகுதிக்கு, அவர் பன்னிரண்டு, பதினைந்து விநாடி காத்திருந்து தட்டினார். முப்பத்தொன்றுக்கு நான்கே விநாடி. தொப்பிக்காரர் கை தூக்கினார், சுத்தியல் விழுந்தது, முடிந்தது.

சராசரியம்மா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விநாடிகளைக் குறித்துக்கொண்டாள்.

அதன்பிறகு ஆறு வாரம் அவள் அந்த மனுஷனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். அவர் புதுச் செருப்புப் போட்டுவந்தால் விலையை யோசித்தாள். அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனால் இவளுக்கும் வராந்தாவில் வேலை வந்தது. "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் "ம்" என்பதோடு சரி. ஒவ்வொரு வியாழக்கிழமையும் தாளில் ஒரு வரி கூடியது. நான்கு விநாடி. ஐந்து விநாடி. மறுபடி நான்கு.

ஆறாவது வாரம், மதியம், கூடத்துக்கு எதிரில் இருக்கிற சாப்பாட்டுக் கடையில் கண்ணாடி வழியே பார்த்தாள். சுத்தியல்காரரும் தொப்பிக்காரரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கேயே தெருவோரத்தில் நின்று அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, பழுப்புத் தொப்பி, ஒல்லியான ஆளு, காதோரம் பெரிய மச்சம். உங்க ஃபாக்டரி பக்கம் பாத்திருக்கியா?"

"தொப்பிக்காரரா? முதலாளி பொண்டாட்டியோட தம்பியாச்சே. கொழுந்து விலை போடறப்ப வந்து உக்காந்திருப்பாரே. ஏண்டி?"

முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று நினைத்தாள். மச்சான் மட்டமான விலைக்கு வாங்குகிறான். அந்த மட்டமான விலையைக் காட்டி முதலாளி கொழுந்துக்கு விலையைக் குறைக்கிறான். நல்ல தூளெல்லாம் பின்வாசல் வழியாகப் போகிறது. ஏலத்தில் மேடையில் நிற்கிறவனைக் கையில் போட்டுக்கொள்ளாமல் இது நடக்குமா?

மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போய்த் தாளை நீட்டினாள். அவர் வம்பு என்றாலே காததூரம் ஓடுகிறவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"விநாடி விநாடியா எழுதியிருக்கேன் சார்."

அவர் யோசித்தார். பிறகு அவள் எதிர்பார்க்காததைச் செய்தார். மணியை அடித்து, "அவரையே கூப்பிடுங்க. முகத்துக்கு நேரா பேசிடலாம்" என்றார்.

சுத்தியல்காரர் வந்தார். மேலாளர் தாளை அவர் பக்கம் தள்ளினார். அவர் நின்றபடியே படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, பிறகு மறுபடி மேலிருந்து. கையெழுத்து யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஆறு வாரமா நீங்க என் முகத்தைப் பாத்துப் பேசல. வீட்டுல ஏதோ கஷ்டம்னு நினைச்சேன். என் பொண்டாட்டிகிட்டகூட சொன்னேன்" என்றார் அவளிடம்.

அவர் வெளியே போய், தடிமனான ஒரு பதிவேட்டோடு வந்தார். மாதிரி குடித்துப் பார்த்து அவர் எழுதுகிற குறிப்பேடு அது. முப்பத்தொன்றின் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். வாராவாரம் ஒரே மாதிரிக் குறிப்பு: இலை கருகல், சாயம் வெளிறல், மணம் இல்லை, கேட்பார் இருக்க மாட்டார்கள்.

"இந்த மாதிரியை நாப்பது பேர் குடிச்சுப் பாக்கறாங்க. யாரும் கை தூக்க மாட்டாங்க. ஒருத்தர் தூக்கறார். கை தூக்காத கூடத்தைப் பாத்து நான் பதினஞ்சு விநாடி நின்னு என்ன பண்ண? நேத்து கடையில வேற மேசை காலியில்ல, அவர் வந்து உக்காந்தார். எழுந்து போகச் சொல்லவா?" பதிவேட்டை மூடினார். "ஒரே ஆள் ஏன் இந்தக் குப்பையை வாங்கறார்னு எனக்கும் தோணியிருக்கு. விக்கிறதுதானே என் வேலைன்னு விட்டுட்டேன். அது என் தப்புதான். ஆனா நீங்க இதுல எழுதியிருக்கறது நான் பண்ணாத தப்பு."

சராசரியம்மாவுக்குக் காது சுட்டது. கைப்பையைத் திறந்து, அக்கா கொடுத்த பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இதைக் குடிச்சுப் பாருங்க. இதுவும் முப்பத்தொண்ணுதான்."

அவர் அதை எடுத்துக்கொண்டு மாதிரி அறைக்குப் போனார். அவளும் மேலாளரும் பின்னாலேயே போனார்கள். வெள்ளைக் கோப்பையில் தூளைப் போட்டு, கொதி தண்ணீர் ஊற்றி, மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார். ஐந்து நிமிஷம் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்து, அறை முழுக்கக் கேட்கும்படி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டித் துப்பினார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"இதுதான் அந்த மலை டீ. பன்னிரண்டுக்குக் குறைஞ்சது இல்ல" என்றார். அப்புறம் மேலாளரைப் பார்த்தார். "சார், மாதிரியை ஃபாக்டரிதான் அனுப்புது. மூட்டை கிடங்குல இருக்கு. மாதிரியும் மூட்டையும் ஒண்ணுதானான்னு நாம திறந்து பாக்கலாம், விதியில இடம் இருக்கு. இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

"நமக்கு எதுக்குப்பா?" என்றார் மேலாளர், எதிர்பார்த்தபடியே.

"இப்ப என் பேர் இதுல இருக்கு சார்."

மேலாளர் சரி என்று தலையை ஆட்டினார்.

சுத்தியல்காரர் சராசரியம்மா பக்கம் திரும்பினார். "நீங்களும் வாங்க. நான் தனியாப் போய் எடுத்துட்டு வந்தா அதையும் நம்ப மாட்டீங்க."

அந்தச் சொல் தைத்தது. ஆனாலும் அவள் போனாள்.

கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை, உள்ளே கூரை வரைக்கும் காகித மூட்டைகள், மூச்சு முட்டுகிற தேயிலை வாசனை. முப்பத்தொன்றின் அடுக்கை நோக்கி அவர்களைக் கூட்டிப்போன கிடங்குக்காரர், முன்வரிசையில் இருந்த மூட்டையைக் காட்டி "இதுல எடுத்துக்கங்க" என்றார். அவர் கை காட்டியதாலேயே சராசரியம்மா அதை வேண்டாம் என்றாள். ஏணியைக் கேட்டு வாங்கி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். சுத்தியல்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். உச்சியில் ஒன்று, நடுவில் இரண்டு, சுவரோரம் ஒன்று என்று அவளே மூட்டைகளைத் தேர்ந்தெடுத்தாள். அவர் குத்தூசியைச் செருகி உருவினார். உள்ளங்கையில் விழுந்த தூள் கறுப்பாக, முறுக்காக, மினுமினுப்பாக இருந்தது. அலுவலகத்து உறையில் கிடந்த பழுப்புத் தூசிக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை.

அவர் முகர்ந்து பார்த்தார். அவளிடம் நீட்டினார். மூட்டைக்குள் நல்ல தூள், மாதிரி உறையில் குப்பை. குப்பையைக் குடித்த நாற்பது பேரும் ஒதுங்கிக்கொள்ள, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நோகாமல் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

அன்றைக்கே நாற்பது உறை புதிதாகப் போட்டார்கள். "கிடங்கு மூட்டையில் எடுத்தது" என்று ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினாள் சராசரியம்மா. தொப்பிக்காரருக்கும் ஒரு உறை போயிற்று.

வியாழக்கிழமை கூடம் வழக்கத்தை விட நிறைந்திருந்தது. மேலாளரே வந்து ஓரமாக நின்றார். முப்பத்தொன்றின் முதல் லாட்டு வந்தபோது மணி பதினொன்று இருக்கும். தொப்பிக்காரர் வழக்கம்போல எண்பத்து நாலுக்குக் கை தூக்கினார். சுத்தியல்காரர் சுத்தியலைத் தூக்காமல் கூடத்தைப் பார்த்தார்.

"தொண்ணூறு" என்றது ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

தொப்பி திரும்பியது. "தொண்ணூத்தொண்ணு."

"நூறு." இது வேறு ஒருவர், நடு வரிசையில்.

தொப்பிக்காரர் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது. நூற்று இரண்டு என்றார். நூற்றேழு என்றார்கள். நூற்றெட்டு என்றபோது அவர் குரல் கம்மியது. நூற்றுப் பன்னிரண்டில் கையைக் கீழே போட்டார். அதன்பிறகு ஜன்னலோரமும் நடு வரிசையும் தங்களுக்குள் இழுத்துக்கொண்டு நூற்றுப் பத்தொன்பது வரை போனார்கள். சுத்தியல் விழுந்தபோது, எத்தனை விநாடி என்று பார்க்கச் சராசரியம்மாவுக்கு நினைவே வரவில்லை. அன்றைக்கு முப்பத்தொன்றின் சரக்கு முழுவதும் சராசரி நூற்றுப் பதினாறுக்குப் போயிற்று. தொப்பிக்காரருக்கு ஒரு மூட்டைகூடக் கிடைக்கவில்லை. பாதி ஏலத்திலேயே எழுந்து போய்விட்டார்.

அக்கா அன்று மாலையே கூப்பிட்டாள். செய்தி அதற்கு முன்னாலேயே மலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆனால் விஷயம் அத்தோடு நல்லபடியாக முடிந்துவிடவில்லை. அடுத்த வாரம் முப்பத்தொன்று ஒரு கிலோகூட அனுப்பவில்லை. அதற்கடுத்த வாரம் வேறு தரகர் அலுவலகத்துக்கு மாறப்போவதாகக் கடிதம் வந்தது. "பாத்தீங்களா, இருந்ததும் போச்சு" என்று மேலாளர் புலம்பினார். சராசரியம்மா ஒரு யோசனை சொன்னாள். இந்த வாரம் விற்ற அளவுக்குப் பக்கத்தில், மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வாரம் விற்ற அளவையும் போடலாம், வாங்குகிறவர்களுக்கு உதவியாக இருக்கும் என்றாள். மேலாளருக்கு அதில் வில்லங்கம் எதுவும் தென்படவில்லை. அட்டவணையில் ஒரு கட்டம் கூடியது. முப்பத்தொன்றாம் வரியில் ஒரு பக்கம் பதினோராயிரம், மறுபக்கம் பூஜ்யம்.

அந்தத் தாளை அக்காவும் இன்னும் முப்பது நாற்பது பேரும் எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்குப் போனார்கள். முதலாளி இயந்திரம் பழுது என்றார், மழை சரியில்லை என்றார், கொழுந்தில் முற்றல் அதிகம் என்றார். அவர்கள் சண்டை போடவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை லாரியை இந்தப் பக்கம் வரச் சொன்னார்கள். மூன்று வாரம் முப்பத்தொன்றின் லாரி பாதி காலியாகத் திரும்பியது. நான்காவது வாரம் முதலாளி இறங்கிவந்தார். இனிமேல் அவருடைய சொந்த ஏல விலையைப் பார்க்காமல், அந்த மலையில் இருக்கிற எல்லாத் தொழிற்சாலைகளின் சராசரியையும் வைத்துக் கொழுந்துக்கு விலை என்று எழுதிக் கொடுத்தார். அக்காவின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. போன மூன்று வருஷத்தில் போனது போனதுதான். அதை யாரும் திருப்பித் தரவில்லை. தொப்பிக்காரரையும் யாரும் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வருஷம் அவர் வேறொரு இருக்கையில் உட்கார்ந்து வேறு தோட்டத்துத் தூள் வாங்கிக்கொண்டிருந்தார்.

சராசரியம்மாவை இதெல்லாம் உறுத்தியதை விட வேறொன்று அதிகம் உறுத்தியது. மேலாளர் அறையில் நடந்தது எப்படியோ வெளியே கசிந்திருந்தது. அதுவும் பாதிதான் கசிந்திருந்தது. 'சுத்தியல்காரர் மேல ஏதோ புகாராமே' என்று கூடத்தில்கூட இரண்டு பேர் பேசியதை அவளே கேட்டாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு அறையில் பதினோரு பேர் இருக்கும்போது எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இவர் மேல புகார் எழுதினது நான். அது தப்பு. இவர் ஒண்ணும் பண்ணல. நானாக் கற்பனை பண்ணிக்கிட்டு எழுதினேன். இவர் இல்லைன்னா அந்த மூட்டையை யாரும் திறந்திருக்கவே மாட்டாங்க. வெளியில யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க."

சுத்தியல்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடிக்கப்போகும்போது அவர், "அந்தத் தண்ணி ஜக்கை இப்படித் தள்ளுங்க, மேடம்" என்றார்.

அவள் தள்ளினாள். அந்த 'மேடம்' அவளுக்கு விளங்கியது. அதன்பிறகு அவர் அவளை வேறு எப்படியும் கூப்பிடவில்லை. மரியாதையில் குறை வைக்கவில்லை, வேலையில் எந்தக் கசப்பையும் காட்டவில்லை. ஆனால் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பது நின்றுபோயிற்று. வீட்டுக்காரரிடம் ஒருநாள் இதைச் சொல்லி அழுதாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற அந்த மனுஷர் அன்றைக்குச் சும்மா இருந்தார்.

மூன்று வருஷம் கழித்து மேலாளர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலியில் சுத்தியல்காரர் உட்கார்ந்தார். அவளுக்கு ஓய்வு வர ஒரு மாதம் இருந்தபோது அவளை அறைக்கு அழைத்தார்.

"இனிமே எல்லாத் தோட்டத்து மாதிரியையும் கிடங்குல போய் நாமளே எடுக்கறதா முடிவு பண்ணியிருக்கேன். அதுக்கு ஒரு ஆள் வேணும். யாரையும் நம்பாத ஆளா இருக்கணும்."

கிண்டலா, நிஜமா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"என்னையும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார் அவர். "என் ஆளுங்க எடுத்துட்டு வந்தாக்கூட நீங்க ஒருதடவை பாக்கணும். வருவீங்களா மேடம்?"

வருகிறேன் என்றாள். வாரத்தில் இரண்டு நாள், காலை பேருந்தில் கிடங்குக்குப் போய்வந்தாள். யாரும் கை காட்டாத மூட்டையாகப் பார்த்து எடுப்பாள். அப்படிப் போய்வந்த நாலு வருஷத்தில் இரண்டு தொழிற்சாலைகளின் தில்லுமுல்லு அவள் குத்தூசியில் சிக்கியது. இரண்டு தடவையும், யார் செய்தார்கள் என்ற கேள்வியை மட்டும் அவள் வாயால் எழுப்பவில்லை. மூட்டையில் இருந்ததையும் உறையில் இருந்ததையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ஐந்தாவது வருஷம் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஏணி ஏற முடியாமல் போனதும், தானாகவே விலகிக்கொண்டாள்.